நேராக இருந்ததுதான் தப்பு

போன மாதம் ராயப்பேட்டையில் ஒரு மனிதரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். பட்டப்பகல், நல்ல வெயில். தெருவில் போகிறவர்கள் ரெண்டு பேர் நின்றுகூடப் பார்த்தார்கள்.

காரணம் என்ன தெரியுமா? அவர் எனக்குச் செய்து கொடுத்த பொருள் நேராக இருந்தது.

கோணலாக இருக்கிறது என்று சண்டை போடலாம். உலகம் முழுக்க அதற்குத்தான் சண்டை. நேராக இருக்கிறது என்று யாராவது போடுவார்களா? நான் போட்டேன். தொண்டை கட்டுகிற அளவுக்குப் போட்டேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கை சும்மா இருக்காது என்பது தெரியும். கீபோர்டு கிளாஸ் போய்ப் பாதியில் விட்டது, மாடியில் காளான் வளர்த்து வீடெல்லாம் நாறியது... எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லி மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் நின்று நிலைத்தது. பூல். பச்சைத் துணி போர்த்திய மேஜை, கலர் கலராகப் பந்து, நீளமாக ஒரு ஸ்டிக். குறி பார்த்து அடித்தால் பந்து ஓரத்துக் குழியில் போய் விழ வேண்டும். விழும்போது ஒரு ‘டொக்’ சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு நான் அடிமை.

திருவான்மியூரில் எங்கள் அப்பார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் ஒரு மேஜை இருக்கிறது. நான் ஆடப் போன முதல் நாள் நல்ல ஸ்டிக்குகளை எல்லாம் ஆண்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். பிடியில் பச்சை எலக்ட்ரிக்கல் டேப் சுற்றிய ஒரு பழைய ஸ்டிக். யாரும் அதைத் தொட மாட்டார்கள். நான் தொட்டேன். டேப்பின் ஓரம் ஒரு இடத்தில் மேடாக எழும்பி இருக்கும், என் கட்டைவிரல் அங்கே போய் உட்காரும். அதற்கப்புறம் நான் வேறு ஸ்டிக்கை எடுத்ததே இல்லை.

எனக்கு ஜோடி, தரைத்தளத்து ருக்கு மாமி. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, பிள்ளை வாங்கிய ஃபிளாட்டுக்காக இங்கே வந்தவர். கையில் கிடைத்த ஸ்டிக்கால் அடிப்பார். பந்துகளுக்கு நம்பர் சொல்ல மாட்டார். “அந்தக் கத்திரிக்காய் கலரை நீ அடி, மஞ்சளை நான் பாத்துக்கறேன்” என்பார். போன வருஷம் நாங்கள் ரெண்டு பேரும் ஜோடிப் போட்டியின் ஃபைனல் வரை போய்விட்டோம். ஃபைனலில் எங்களைத் தோற்கடித்தது அசோசியேஷன் செக்ரெட்டரியும் அவருடைய மைத்துனரும்.

கோப்பையை வாங்கிக்கொண்ட செக்ரெட்டரி சும்மா போயிருக்கலாம். என்னிடம் வந்து, ரொம்பப் பெருந்தன்மையாக, “பரவாயில்லையே மேடம், ஃபைனல் வரைக்கும் கொண்டு வந்துடுச்சே உங்க ராசியான ஸ்டிக்கு!” என்றார்.

ஸ்டிக் கொண்டு வந்ததாம். அது என்ன ஆட்டோவா, நான் சும்மா ஏறி உட்கார்ந்து வர?

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். ஆனால் அந்த வார்த்தை காலில் முள் மாதிரி உள்ளேயே இருந்தது. இந்த வருஷப் போட்டி நெருங்கும்போது ஸ்டிக்கின் அடிப்பக்கம் விரிசல் விட்டது. இன்றைக்கோ நாளைக்கோ பிளந்துவிடும் போல இருந்தது. “தூக்கிப் போடத்தான் போறோம், எடுத்துக்கோங்க” என்று அசோசியேஷனில் கொடுத்துவிட்டார்கள். அதே மாதிரி ஒன்று செய்து வாங்கிவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

இப்படித்தான் ராயப்பேட்டை இம்தியாஸ் வந்தார். பூல் ஸ்டிக்கை ஆர்டரின் பேரில் செய்து தருகிறவர். எங்கள் வீட்டுக்காரர் போனில் அவருடைய வீடியோக்களைப் பார்த்துக் கண்டுபிடித்தார். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு லேத் மெஷின் முன்னால் நின்று பேசுவார் இம்தியாஸ். தன்னடக்கம் என்பது அவர் கடைப்பக்கமே வந்ததில்லை. “மெட்ராஸ்ல என்னை மாதிரி ஸ்டிக் செய்ய ஆளே கெடையாதுக்கா” என்பதுதான் எனக்கு அவர் சொன்ன வணக்கம்.

கேள்விகளை அடுக்கினார். வெயிட் எவ்வளவு வேணும்? பேலன்ஸ் முன்னாடியா, பின்னாடியா? முனை ஹார்டா, சாஃப்டா? பிடி தோலா, நூலா?

எனக்கு எது தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். பையிலிருந்து பழைய ஸ்டிக்கை எடுத்து மேஜையில் வைத்தேன்.

“இது அளவு. அப்படியே செஞ்சு குடுங்க.”

“அப்படியேன்னா?”

“அப்படியேன்னா அப்படியே. உங்க ஐடியா எதையும் இதுல போடாதீங்க.”

பெண் வாசகிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்காகச் சொல்கிறேன். டெய்லரிடம் ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது நாங்கள் இஞ்சு கணக்கு சொல்வதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ப்ளவுஸ் ஒன்றைக் கொடுப்போம். அதுதான் அளவு ப்ளவுஸ். அதில் ஏதாவது குறை இருந்தால் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். “கை கொஞ்சம் இறுக்கம், லூஸ் பண்ணிடுங்க” என்கிற மாதிரி. சொல்லாவிட்டால் எல்லாம் அப்படியே வர வேண்டும். இது எழுதாத சட்டம். ஆனால் டெய்லர் என்ன செய்வார்? ‘இப்ப இதுதாம்மா ஃபேஷன்’ என்று கழுத்தைத் தன் இஷ்டத்துக்கு இறக்குவார். போட்டுப் பார்த்துவிட்டு இறுக்கிப் புடிக்குது என்று போய் நின்றால் கூசாமல் சொல்வார்: “தையல் கரெக்ட்டும்மா. நீங்கதான் வெயிட் போட்டுட்டீங்க.”

அந்த அனுபவத்தில்தான் அப்படியே, அப்படியே என்று அழுத்தி அழுத்திச் சொன்னேன்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார் இம்தியாஸ். “பேர் போடணுமாக்கா? இங்க, பிடிக்கு மேல, சூப்பரா செதுக்கித் தரேன்.”

“பேர் வெட்ட இது என்ன பாத்திரமா? வேண்டாம்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் அடுக்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எல்லாவற்றிலும் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிய பேர். பெரிய அடுக்கில் என் அப்பா பேர். குடத்தில் மாமியார் பேர். சம்படத்தில் எங்கள் வீட்டுக்காரர் பேர், இனிஷியலோடு. ஒரு தட்டில் யாரென்றே தெரியாத யாரோ ஒருவரின் அன்பளிப்பு. இத்தனை வருஷமாகத் தேய்த்துத் துடைத்துக் கவிழ்க்கிற ஆளின் பேர் ஒரு கரண்டியில்கூட இல்லை. வேடிக்கையாக இருந்தது. வேலை கிடந்ததால் அதோடு மறந்துவிட்டேன்.

ஸ்டிக் சொன்ன தேதிக்கு வரவில்லை. வரும் என்று நீங்கள் நினைத்தீர்களா என்ன? போன் பண்ணினால் ஒரு நாள் “மரம் வந்துகினே கீதுக்கா”. இன்னொரு நாள் “பாலிஷ் காயலக்கா, ஒரே மழையா கீது”. அப்புறம் “முடிஞ்ச மாதிரிதாங்க்கா”. டெய்லரின் ‘ஹெம்மிங் மட்டும்தாம்மா பாக்கி’ நினைவுக்கு வந்தது. ஒரே குருகுலம் போலிருக்கிறது.

கடைசியில் ஒரு நாள் கையில் கொடுத்தார். அடடா! நடுவில் திருகிக் கழற்றி ரெண்டாகப் பையில் வைத்துக்கொள்கிற மாதிரி செய்திருந்தார். அது ஒன்றுதான் நான் புதிதாகக் கேட்டது. மற்றபடி அதே கனம். அதே நீளம். கருப்பு நூல் சுற்றிய பிடியைப் பிடித்தேன். கட்டைவிரல் தானாக ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தது. பழைய டேப்பின் மேட்டைக்கூட நூலால் செய்து வைத்திருக்கிறார் மனிதர்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அளவு ஸ்டிக்கைக் கேட்டேன். “அது உள்ள கீதுக்கா, அப்பால தரேன்” என்றார். அளவு ப்ளவுஸை மட்டும் எந்த டெய்லர் உடனே திருப்பித் தந்திருக்கிறார்? தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே கிளப் ஹவுஸுக்கு ஓடினேன். முதல் பந்து — போகவில்லை. புதுசு, பழகணும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரெண்டாவதும் போகவில்லை. அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அடித்தால்கூட விழுகிற பந்துகள் குழியின் ஓரத்தில் இடித்துக்கொண்டு திரும்பி வந்தன.

விசித்திரம் என்னவென்றால் எல்லாம் ஒரே பக்கம் தப்பின. வலது பக்கம்.

“ஆடத் தெரியாம தப்பினா நாலா பக்கமும் தப்பணுமேடி” என்றார் ருக்கு மாமி. “இதென்ன, ஒரே பக்கமா போயிண்டே இருக்கு?”

எனக்கும் அதுதான் குடைந்தது. மறுநாள் எங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொன்னேன். ரெண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அடிக்கிற கணத்தில் என் முழங்கை உடம்பை விட்டு வெளியே விலகி, ஸ்டிக்கை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. என் கைதான். ஆனால் யாரோ ஒரு பெண்ணின் கையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. இதை எப்போது கற்றுக்கொண்டேன்? யாரைக் கேட்டு?

“உன் பழைய ஸ்டிக் நேரா இருந்துச்சா?” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

அவர் ஆபீஸ் பெருங்குடியில். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் அடுத்தவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. சில சமயம் வீட்டிலும் உபயோகப்படும்.

பழைய போட்டோ ஒன்றைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். நான் கையில் ஸ்டிக்கோடு சிரித்துக்கொண்டு நிற்கிறேன். ஸ்டிக் லேசாக இடது பக்கம் வளைந்திருக்கிறது. அதனால்தான் யாரும் அதைத் தொடவில்லை! டேப் மேட்டில் விரல் வைத்ததால் எப்போதும் அது ஒரே வாக்கில்தான் என் கையில் இருந்திருக்கிறது. வளைவும் எப்போதும் ஒரே பக்கம். அதைச் சரிக்கட்ட என் முழங்கை தன்பாட்டுக்கு வெளியே போகப் பழகிவிட்டது. ஸ்டிக் கோணல், கை கோணல். ரெண்டு கோணலும் சேர்ந்து பந்து நேராகப் போயிருக்கிறது.

எனக்குப் பயமாகிவிட்டது. அப்படியானால் செக்ரெட்டரி சொன்னது சரிதானா? எனக்கு ஆடத் தெரியுமா, அல்லது அந்த ஒரு குச்சியோடு குடித்தனம் நடத்த மட்டும்தான் தெரியுமா? போட்டிக்கு நாள் கிட்டத்தில் இருந்தது.

பயம் வந்தால் எனக்குக் கோபமாக மாறிவிடும். நேரே ராயப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தேன்.

“நான் இன்னாக்கா தப்பு பண்ணேன்?” என்றார் இம்தியாஸ், நிஜமாகவே திகைத்து. “வளைஞ்சி போச்சுன்னு சண்டைக்கு வருவாங்க. நேரா கீதுன்னு வந்த மொத ஆளு நீங்கதான்.”

“அளவு ஸ்டிக் வளைஞ்சிருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு.”

“அப்படியே செய்யச் சொன்னேனா இல்லையா?”

“அக்கா, வளைவு அளவாக்கா? அது சீக்குக்கா!”

“டேப் மேட்டைச் செஞ்சீங்களே, அது மட்டும் என்னவாம்?”

கொஞ்சம் யோசித்தார். “மேடு இருந்தா யாரும் இன்னாடா இதுன்னு கேக்க மாட்டான். கோணல் ஸ்டிக்கைக் காட்டி, இம்தியாஸ் செஞ்சான்னு எவனாவது வீடியோ போட்டா என் பேர் இன்னாத்துக்கு ஆவும்?”

ஆக, மேடு என் இஷ்டம், நேர் அவர் கௌரவம். “சரி, என் பழைய ஸ்டிக்கைக் குடுங்க. விரிசலோடவே ஆடிக்கிறேன்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார். “விரிசல் இல்லக்கா இப்போ, ஒட்டிட்டேன். சூடு காட்டி, வெயிட்டு தொங்கவுட்டு, அதையும் நிமித்திட்டேன். பாருங்க, அம்பு மாதிரி கீது. உங்களுக்காக, ஃப்ரீ!”

எத்தனை பிரியமாகச் செய்திருக்கிறார்! என்னவென்று திட்டுவது? இருந்தும் திட்டினேன். பதிலுக்கு அவர், “ஸ்டிக்கு கரெக்ட்டுக்கா, உங்க கைதான் கோணல்” என்றார். நீங்கதான் வெயிட் போட்டுட்டீங்க!

ஆட்டோவில் ரெண்டு நேரான ஸ்டிக்குகளோடு திரும்பி வந்தேன். மயிலாப்பூர் சிக்னலில் நிற்கும்போது கோபம் வடிந்து, ஒரு ஆச்சரியம் வந்தது. நமக்குப் பொருந்துகிறது, பொருந்துகிறது என்று நாம் கட்டிக்கொண்டிருக்கிற சாமான்களில் எத்தனை நமக்குப் பொருந்துகின்றன? எத்தனைக்கு நாம் வளைந்து கொடுத்திருக்கிறோம்? செருப்பு, நாற்காலி, உத்தியோகம், சில சமயம் உறவு... அளவு கொடுத்துப் புதுசு வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். பச்சை சிக்னல் விழுந்துவிட்டது, மேற்கொண்டு யோசிக்கவில்லை.

வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. டைனிங் டேபிளில் ஒரு காலி ஜூஸ் பாட்டிலைப் படுக்க வைத்து, வாயில் இடிக்காமல் ஸ்டிக்கை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். பக்கத்தில் ஃப்ரிட்ஜ். முழங்கை வெளியே போனால் ஃப்ரிட்ஜில் இடிக்கும். இடித்தது. வலித்தது. கை திரும்ப உள்ளே வந்தது. எங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். ‘டொங்’ என்று சத்தம் கேட்டால் “வெளியே போச்சு” என்பார்.

ஃபைனல். எதிரே மறுபடியும் செக்ரெட்டரியும் மைத்துனரும். கிளப் ஹவுஸ் நிறைய ஆட்கள். சுமாராகத்தான் ஆடினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் தப்பின பந்துகள் ரெண்டு பக்கமும் தப்பின. அதில் எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? மாமி தன் பங்குக்குக் கத்திரிக்காய் கலரை உள்ளே தள்ளினார். கடைசியில் மேஜையில் எங்களுக்குக் கருப்புப் பந்து ஒன்றுதான் பாக்கி. அது விழுந்தால் கோப்பை. அடிக்க வேண்டியது நான். நேர் அடி. வளைந்த ஸ்டிக்காக இருந்தால் யோசிக்காமல் அடித்திருப்பேன்.

குனிந்தேன். முழங்கை எங்கே போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. நாலு தடவை ஸ்டிக்கை முன்னும் பின்னும் ஆட்டினேன்.

“சீக்கிரம் அடிடி” என்றார் மாமி காதோரம். “ஆத்துல குக்கர் வெச்சுட்டு வந்திருக்கேன்.”

ஃப்ரிட்ஜை நினைத்துக்கொண்டேன். அடித்தேன்.

டொக்.

மாமி என்னைக் கட்டிக்கொண்டு கத்திய கத்தலில் குக்கர் விசில் கேட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டுக்காரர் தனியாகக் கை தட்டிக்கொண்டே இருந்தார். செக்ரெட்டரி வந்து கை குலுக்கினார். நல்ல மனுஷர், மனதாரத்தான் குலுக்கினார். அப்புறம் என் கையிலிருந்த ஸ்டிக்கை வாங்கித் தடவிப் பார்த்தார்.

“கங்கிராட்ஸ் மேடம். அதானே பார்த்தேன்... ஸ்டிக்கு இவ்வளவு சூப்பரா இருந்தா ஏன் ஜெயிக்க மாட்டீங்க? எங்கே செஞ்சீங்க?”

கோணல் ஸ்டிக்கால் அடித்தபோது அது ராசியான ஸ்டிக். நேர் ஸ்டிக்கால் அடித்தால் இது சூப்பரான ஸ்டிக். நடுவில் ஃப்ரிட்ஜில் இடித்து இடித்து நீலம் பாரித்த ஒரு முழங்கை இருக்கிறதே, அது யார் கண்ணிலும் படவில்லை. ஜெயித்தால் ஸ்டிக், தோற்றால் மட்டும் நான்! கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது, அவருக்குக் கிடைக்காவிட்டால் என்ன? இம்தியாஸின் அட்ரஸைச் சொன்னேன்.

பழைய ஸ்டிக் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மாமி வாங்கிக்கொண்டு போய்விட்டார், உயரக் கொடியில் துணி உலர்த்த. கடல் காற்று பட்டுப் பட்டு அது மறுபடி லேசாக வளைய ஆரம்பித்திருக்கிறதாம். நாய் வாலை நிமிர்த்தியவர் உண்டா? “உனக்கு வேணுமாடி?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் கை இப்போது வேறு.

ஆனால் ராயப்பேட்டைக்கு மட்டும் இன்னொரு தடவை போய் வந்தேன். என்னைப் பார்த்ததும் இம்தியாஸ் ரெண்டு கையையும் தூக்கினார். “இன்னாக்கா, இப்போ வளைக்கணுமா?”

“பேர் செதுக்கணும்” என்றேன்.

“அப்பவே கேட்டேன்ல! இன்னா பேரு? சார் இனிஷியல் சேத்துதானே?”

“வேண்டாம். சுகந்தி. அது மட்டும் போதும்.”

இனிமேல் ஸ்டிக்தான் ஜெயித்தது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை — எந்த ஸ்டிக் என்று மட்டும் படித்துக் காட்டச் சொல்வேன்.